ஸ்ரீமதி எஸ். மீனாட்சி அம்மாள் சரித்திரமும் அடுக்களைக் கணக்கும்

சரித்திரம் என்றமாத்திரத்தில் நம்மவர் மனத்தில் தோன்றுவன அரசரும், போரும், கோட்டையும், கோயிலுமேயாம். நாள்தோறும் இருவேளையும் அடுப்பின் முன்னின்று ஒரு குடும்பத்தையே வளர்த்த கைகளுக்கும் சரித்திரம் உண்டென்பதை நாம் எண்ணுவதில்லை. எண்ணாமைக்குக் காரணமும் வெளிப்படை. அக்கைகள் ஆக்கியதெல்லாம் அன்றன்றே உண்ணப்பட்டு மறைந்தது; எழுத்தில் நின்றது மிகச் சிறிது. அங்ஙனம் மறைந்துபோகவிருந்த அறிவை எழுத்தில் நிறுத்திய ஒரு பெண்மணியின் வரலாற்றையும், அதனால் நம் குடும்பத்தார் கொள்ளத்தக்க பயனையும் இவ்வியாசத்தில் இயன்றவளவு கூறுவாம். அவ்வம்மையார் ‘சமைத்துப் பார்’ என்னும் நூலை இயற்றிய சென்னை ஸ்ரீமதி எஸ். மீனாட்சி அம்மாள் ஆவர்.

உத்திரமேரூர்ச் சுற்றுவட்டாரத்தில் வாழும் நம் சங்க அன்பர்களுக்கு, எழுதிவைத்தலின் பெருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ம் ஆண்டிலும் 921-ம் ஆண்டிலும், நம் ஊர்ச் சபையார் குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்தனர். 30 குடும்புகளிலும் யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதலாகாது, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் எங்ஙனம் தேர்ந்தெடுப்பது என்பவற்றையெல்லாம் அக்கல்வெட்டு ஐயத்துக்கு இடமின்றி உரைக்கின்றது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆயிரத்தொரு நூறாண்டு கழிந்தும் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் அவ்வெழுத்து நிற்கின்றது. ஆனால் அந்த ஓலைகளை எண்ணிய நாளில் அச்சபையோர் வீட்டில் என்ன குழம்பு வைத்தனர் என்று கேட்பின் விடை கூறுவார் இல்லை. ஊர்க் கணக்கைக் கல்லில் வைத்தவர், அடுக்களைக் கணக்கைப் பெண்டிர் நெஞ்சில் மாத்திரம் விட்டுவைத்தனர்.

அடுக்களையின் பழமை

இதனால் பண்டைத் தமிழர் சமையற் கலையை மதியாதிருந்தனர் என்று கொள்ளற்க. சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நல்லூர் நத்தத்தனார், பீமசேனன் செய்ததாகக் கருதப்பட்ட ஒரு சமையல் நூலின் நெறி வழுவாது ஆக்கிய உணவைக் குறிப்பிடுகின்றார். சமையலுக்கு நூலுண்டு, அந்நூலுக்கு நெறியுண்டு என்ற எண்ணம் அக்காலத்திலேயே இருந்ததென்பது இதனாற் பெறப்படும்.

நம் தொண்டை நாட்டைப் பற்றியோ பெரும்பாணாற்றுப்படை இன்னும் விரிவாகவே சொல்லும். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணன், வழியில் எந்தெந்தக் குடியினர் இல்லத்தில் எவ்வெவ்வுணவு பெறுவான் என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். எயினர் குடியிருப்பில் ஒருவகை. ஆயர் சேரியில் தினைச்சோறும் பாலும். உழவரிடத்தும் வலைஞரிடத்தும் வெவ்வேறு வகை. அந்தணர் இல்லத்தில் மாதுளம் பிஞ்சை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயிற் பக்குவஞ் செய்த கறியும், மாவடு ஊறுகாயும். ஒரு நாட்டில் ஒரே அடுக்களை இருந்ததில்லை. குடிதோறும் ஓர் அடுக்களை இருந்தது. புலவர் எவரையும் தாழ்த்தாது எல்லார் வீட்டு உணவையும் ஒரே பாட்டில் வைத்தார். இதனை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதனிடத்துக்கு மீளுவோம்.

கோயில்களிலோ உணவுக்கு அளவும் எழுதப்பட்டது. பாண்டியன் வரகுணன் காலத்து அம்பாசமுத்திரக் கல்வெட்டு, இறைவனுக்கு நாள்தோறும் நான்கு பொழுது படைக்க வேண்டிய அமுதுக்காக 290 காசு கொடுத்த செய்தியையும், அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், கறியமுது முதலியவற்றையும் எடுத்துக் கூறுகின்றது. மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி, காயம் ஆகியவை அங்கு வரும், மிளகாய் வாராது. மிளகாய் போர்த்துகேசியர் வழியாக 16-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாடு புகுந்த பொருளாதலின், அதற்கு முற்பட்ட தமிழர் உணவிற் காரம் என்பது மிளகின் காரமேயாகும்.

இப்பழமை முழுதும் மறைந்துவிடவில்லை. காஞ்சி ஸ்ரீ வரதராஜப் பெருமாள் சந்நிதியின் இட்டலியை நம்முள் அறியாதார் யார்? பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, தயிர் சேர்த்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் இவற்றைக் கூட்டி, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் வார்த்து, இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். குடலை இட்டலி எனவும் அதற்குப் பெயர். மிளகாய் புகாத அந்தப் பாகத்தில் மிளகாய்க்கு முற்பட்ட காலத்தின் சுவை இன்னும் தங்கியிருக்கின்றது. மடைப்பள்ளியார் தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைக் கைவிடாது செய்துவந்தமையால் இஃது இயன்றது. வீட்டுச் சமையலுக்கு அத்தகைய காவல் இல்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வாய்மொழியாகவே வந்த அறிவு, ஒரு தலைமுறை இடறினும் அறுந்துபோகத்தக்கது.

அம்மையாரின் இளமையும் துயரும்

மீனாட்சி அம்மாள் 1905-ம் ஆண்டிற் பிறந்தவர். அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் நிகழ்ந்தது. 22 வயதளவில் கணவரை இழந்தார். அப்போது அவர் கையில் 2 வயதுக் குழந்தை, வீட்டில் மாமியார், 7 வயதே நிரம்பிய கொழுந்தன். இம்மூவரையும் பேணும் பொறுப்பு அவ்விளம்பெண்ணின் தோள்மேல் வந்து நின்றது.

1920-ஆம் ஆண்டுகளை அடுத்த அக்காலத்தில் இத்தகைய பெண்களின் நிலை எத்தகையது என்பதை இக்காலத்து இளைஞர் அறிதல் நன்று. கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குச் சோறும் துணியும் பெறும் உரிமையன்றிச் சொத்திற் பங்கில்லை. 1937-ம் ஆண்டுச் சட்டந்தான் கணவன் பங்கில் அவளுக்கு வரம்புடையதோர் உரிமை அளித்தது. முழு உரிமை வந்தது 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தினாலேயாம். வழக்கமோ சட்டத்தினுங் கொடிது. பல குடும்பங்களில் கைம்பெண்டிர்க்கு ஒருவேளை உணவே விதிக்கப்பட்டது. கலியாணம், சீமந்தம் முதலிய மங்கல காரியங்களில் அவர் முன்வந்து நிற்கலாகாது. அக்காரியங்களுக்கு வேண்டும் பலகாரங்களைப் பின்கட்டிலிருந்து செய்து தருதற்கு மாத்திரம் அவர் கை வேண்டியிருந்தது. இத்தகைய இளம் விதவைகளுக்குக் கல்வி அளித்தல் வேண்டுமென்றே சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாள் 1912-ம் ஆண்டளவிற் சென்னையிற் பணி தொடங்கினார். படிப்பின் வழியாக ஆசிரியைகளாய் வெளிவந்தோர் சிலர். மற்றையோர் பலருக்கு அறிந்த கலை ஒன்றே. அஃது அடுக்களைக் கலை.

அக்கலை ஆண்மக்களுக்குச் செல்வமும் புகழும் அளித்ததைக் கண்டிருக்கின்றோம். உடுப்பிப் பகுதியிலிருந்து சமையற் பணியாளராய்ச் சென்னைக்கு வந்த கே. கிருஷ்ண ராவ், 1938-ம் ஆண்டில் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை நிறுவிப் பெரும்புகழ் எய்தினார். ஆனால் அதே கலையை வீட்டிற் செய்த பெண்ணுக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. ‘நன்றாயிருக்கின்றது’ என்ற ஒரு சொல் கிடைப்பதும் அரிது.

கடிதமாய்ப் பிறந்த நூல்

மீனாட்சி அம்மாளின் கைப்பக்குவம் உறவினரிடையே பெயர்பெற்றது. நாடெங்கும் உத்தியோகம் தேடிக் குடும்பங்கள் பிரிந்து சென்ற காலம் அது. கல்கத்தா, பம்பாய், டில்லி முதலிய நகரங்களில் தனிக்குடித்தனம் தொடங்கிய இளம்பெண்களுக்கு அருகில் மாமியாரும் இல்லை, தாயும் இல்லை. ‘இக்குழம்பை எங்ஙனம் வைப்பது? அந்த ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு?’ என்று உறவினர் கேட்டெழுதுவர். அம்மையார் ஒவ்வொருவருக்கும் பொறுமையாய் விடை எழுதுவார். அங்ஙனம் அவர் எழுதுவதைக் கண்ட அவருடைய மாமனும், சென்னையில் வழக்கறிஞராய்ப் பெயர்பெற்றவருமாகிய கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், தனித்தனியே எழுதுவதைத் தொகுத்து ஒரு நூலாகவே ஆக்கலாமே என்று ஊக்கினார்.

1951-ம் ஆண்டில் ‘சமைத்துப் பார்’ முதற்பாகம் வெளிவந்தது. அம்மையாருக்கு அப்போது வயது 46. கணவரை இழந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. நூலைப் பிறர் கையில் விடாது தம் பெயராலேயே வெளியிட்டார். பின்னர் அடுத்த பாகங்களும் வந்தன. ‘குக் அண்ட் ஸீ’ என்ற பெயரால் ஆங்கிலத்திலும், பிற மொழிகளிலும் அது பெயர்ந்தது. 1962-ம் ஆண்டில் அம்மையார் காலமானார். அவருக்குப் பின் குடும்பத்தாரே அப்பதிப்பைத் தொடர்ந்து நடத்தி, நூலைப் புதிய தலைமுறைக்கு ஏற்பத் திருத்தியும் வெளியிட்டிருக்கின்றனர்.

தமிழில் அதற்கு முன் சமையற் புத்தகமே இல்லை என்பது கருத்தன்று. 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘இந்து பாக சாஸ்திரம்’ போன்ற நூல்கள் அச்சாகியிருந்தன. அவற்றை எழுதினோரிற் பலர் ஆண்மக்கள். மீனாட்சி அம்மாள் நூலின் வேறுபாடு யாதெனின், அஃது அடுப்பண்டை நிற்கும் புதியவளை நோக்கி, அடுப்பண்டை நின்றவளே பேசும் நூல் என்பதாம். பெயரிலேயே இது விளங்கும். ‘சாஸ்திரம்’ என்று அவர் பெயரிடவில்லை. ‘சமைத்துப் பார்’ என்றார். படித்தறிவது போதாது, நீயே செய்து பார், பிழைத்தால் மறுபடியும் செய் என்ற தைரியம் அப்பெயரில் உள்ளது. குழந்தையை நடக்கப் பழக்குந் தாய் சொல்லுஞ் சொல் போன்றது அது.

அளவின் அருமை

அந்நூலின் பெரும்பணி அளவைக் குறித்ததே. நம் பாட்டிமாரிடம் ஒரு பாகத்தைக் கேட்டுப் பார்த்தவர் இதன் அருமையை உணர்வர். ‘புளி எலுமிச்சங்காயளவு, வெல்லம் நெல்லிக்காயளவு, உப்பு கைப்பிடி’ என்பர். எந்த எலுமிச்சை, யார் கை என்று கேட்டால் சிரிப்பர். அவர்களுக்கு அது குறையன்று. கண்ணே அவர்களுக்குத் தராசு. ஆயினும் அக்கண் மூடியபின் அத்தராசும் போயிற்று. கைப்பிடியை ஆழாக்காகவும், கண்ணளவைப் பலமாகவும் மாற்றி எழுதுவதற்கு, செய்துகொண்டேயிருக்கும் கையை நடுவில் நிறுத்தி அளந்து பார்க்கும் பொறுமை வேண்டும். நெடுநாள் பழகிய கைக்கு அதுவே மிகவும் அரிய காரியம்.

அக்கால அளவைகளையும் இளைஞர் அறிந்துகொள்வது பயன்தரும். முகத்தலளவையில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு; 2 உழக்கு ஓர் உரி; 2 உரி ஒரு படி; ஆக 8 ஆழாக்கு கொண்டது படி. நிறுத்தலளவையில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இக்காலத்து எடையிற் சொன்னால் பலம் ஏறத்தாழ 35 கிராம்; வீசை ஏறத்தாழ 1,400 கிராம். 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவை நாட்டிற் புகுந்து, 1962-ம் ஆண்டில் எடைகளில் அதுவே கட்டாயமாயிற்று. அம்மையார் காலமானதும் அவ்வாண்டே. அதன்பின் பிறந்தவருக்கு வீசையும் பலமும் பழங்கதையாயின. ஆயினும், அளவு என்று ஒன்று எழுத்தில் இருந்தமையால், அதனைக் கிராமாகவும் லிட்டராகவும் மாற்றிக்கொள்ளல் பின்வந்தோர்க்கு எளிதாயிற்று. எழுதப்படாத கைப்பிடியை எந்தச் சட்டத்தாலும் கிராமாக மாற்ற இயலாது.

எழுத்தால் முழுதும் சொல்லிவிட முடியாததும் ஒன்றுண்டு. அதற்குப் பதம் என்று பெயர். பாகு கம்பிப்பதம் வந்ததா, ரவை பொன்னிறமாயிற்றா, ரசம் நுரைகூடிப் பொங்கி இறக்கும் தறுவாயில் உள்ளதா என்பவற்றைக் கண்ணும் மூக்குமே அறியும். ஆதலின் நூலைப் படித்தமாத்திரத்தில் ஒருவர் சமையற்காரராகிவிடார். ஆனால் எங்குத் தொடங்குவது, எதற்காகக் காத்திருப்பது என்பதை நூல் சொல்லிவிடும். மிச்சத்தைச் செய்து பார்த்தே அறிதல் வேண்டும்.

சீர்வரிசையில் ஒரு புத்தகம்

இனி இச்சரித்திரத்தில் நாம் மிகவும் சிந்திக்கத்தக்க செய்தியைக் கூறுவாம். ‘சமைத்துப் பார்’ நூலைத் தமிழ்நாட்டில் மக்கள் வாங்கியது பெரும்பாலும் எதற்காக? மணப்பெண்ணுக்குக் கொடுப்பதற்காக. வெள்ளிப் பாத்திரத்தோடும் பித்தளைப் பாத்திரத்தோடும் இப்புத்தகத்தையும் வைத்துப் பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்பிய குடும்பங்கள் பலப்பல. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்ற பெண்கள் பெட்டியில் அப்பளம், ஊறுகாய், மிளகுப்பொடி இவற்றோடு இதனையும் வைத்தனர்.

மங்கல காரியத்தில் முன்னிற்கலாகாது என்று உலகம் விலக்கிய நிலையில் இருந்த ஒரு பெண் எழுதிய நூல், மங்கல காரியத்திலேயே சீர்ப்பொருளாயிற்று. மணப்பந்தலுக்கு வரலாகாதவர் எழுத்து, மணமகள் கையில் ஆசீர்வாதமாய்ச் சென்றது. அவர் இதற்காகச் சண்டையிட்டதாகவோ, மேடையேறிப் பேசியதாகவோ சொல்வாரில்லை. தாம் அறிந்ததை அளந்து எழுதினார். உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. நம் குலத்திலும் கணவரை இழந்த பெண்களை முன்கட்டுக்கு வரவொட்டாது ஒதுக்கிய காலம் இருந்தது. சில இடங்களில் அவ்வழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கின்றது. நம் வீட்டுக் கலியாணத்துக்கு வடகமும் ஊறுகாயும் முறுக்கும் செய்து தந்த பெரியம்மாவையும் அத்தையையும் தாலி கட்டும் வேளையில் எந்த மூலையில் உட்காரவைத்தோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளல் தகும்.

எழுதப்படாத அடுக்களைகள்

மற்றொன்றையும் மறைக்காது சொல்லல் வேண்டும். மீனாட்சி அம்மாள் எழுதியது அவர் குடும்பத்துச் சமையலை. அது தகுந்ததே, ஒருவர் தாம் அறிந்ததையே எழுதக்கூடும். ஆனால் அந்நூலும் அதன் வழிவந்த நூல்களும் பரவியதால், தமிழர் சமையல் என்றாலே அந்த ஒருவகைச் சமையலே என்ற எண்ணம் பிற மாநிலத்தாரிடத்தும், நம் இளைஞரிடத்துங்கூடத் தோன்றலாயிற்று. அதற்கு எழுதியவரைக் குறைகூறல் முறையன்று. எழுதாதிருந்த நாமே காரணம். பெரும்பாணாற்றுப்படையில் எல்லாக் குடியினர் அடுக்களையும் ஒருங்கு இருந்தது. அச்சு வந்தபின் அச்சேறிய அடுக்களை மாத்திரம் நின்றது.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களின் உணவை எண்ணிப் பார்ப்போம். ஏரிப் பாசனத்து நெல்லரிசியோடு கேழ்வரகும், கம்பும், வேர்க்கடலையும், காராமணியும் நம் வயிற்றை வளர்த்தன. ஆடி மாதத்தில் அம்மனுக்கு வார்க்கும் கேழ்வரகுக் கூழ், அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடும் முருங்கைக்கீரையும், ஏரி மீன் குழம்பு, காராமணிக் குழம்பு, களியும் கீரைக்கடையலும், அடைமழை நாளில் வறுத்த கடலை ஆகிய இவையெல்லாம் எந்தப் புத்தகத்தில் நம் வீட்டு முறைப்படி எழுதப்பட்டிருக்கின்றன? கூழுக்கு மாவை எத்தனை நாள் புளிக்கவைப்பது, நொய்யை எப்போது போடுவது என்பதில் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேற்றுமையுண்டு. அவ்வேற்றுமையே நம் சரித்திரம்.

எழுதும் முறைக்கு எடுத்துக்காட்டாக, தொண்டை மண்டலத்துக்கும் அதனையடுத்த ஆற்காட்டுப் பகுதிக்கும் உரிய தாளிப்பு வடகத்தை இங்கு எழுதிக் காட்டுவாம். சித்திரை, வைகாசி வெயிலிற் செய்தற்குரியது இது. சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 150 கிராம், உளுத்தம்பருப்பு 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள் 2 தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கைப்பிடி, அளவான உப்பு, விளக்கெண்ணெய் 50 மில்லி. வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், அரைத்துவிடலாகாது. உளுத்தம்பருப்பைக் கழுவி ஈரம் வடித்து, மற்றைப் பொருள்களையும் கூட்டிப் பிசைந்து, ஒரு சட்டியில் இரவு முழுதும் மூடிவைக்க வேண்டும். மறுநாட் காலையில் உருண்டைகளாகப் பிடித்து வெயிலில் உலர்த்துக. முதலில் நீர் விடும். மாலையில் உருண்டைகளை உதிர்த்து, ஊறிய நீரோடு மீண்டும் பிசைந்து சட்டியில் வைத்து, அடுத்த நாள் மறுபடியும் பிடித்துக் காயவைக்க வேண்டும். நீர் வற்றியபின் விளக்கெண்ணெய் தடவிப் பிடித்து, கல்லென இறுகும்வரை உலர்த்துக. வெயிலின் கடுமைக்கேற்ப 7 முதல் 10 நாள் வரை செல்லும். தட்டினால் ஓசை கேட்க வேண்டும். உடைத்தால் உள்ளே ஈரம் இருத்தல் ஆகாது. இதுவே பதம். ஈரமற்ற ஜாடியில் வைத்தால் ஓராண்டு கெடாது. காரக்குழம்பு, கீரைக்கடையல், மீன் குழம்பு இவற்றில் சிறிது கிள்ளி எண்ணெயிற் பொரித்துத் தாளித்தால், தெருமுனையிலிருந்தே வீட்டை அடையாளங் காணலாம்.

நம் வீடுகளில் இதனினும் வேறான அளவுகள் இருக்கும். சிலர் பூண்டைக் கூட்டுவர். சிலர் காயம் சேர்ப்பர். அவ்வேறுபாட்டைக் குறித்துவைத்தலே இங்கு வேண்டுவது.

செய்யத்தக்கது

ஆகையால் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். 70 வயது கடந்த பாட்டியோ, அத்தையோ, பெரியம்மாவோ இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், அவர் கைப்பக்குவத்தில் 10 பாகங்களையேனும் இவ்வாண்டிற்குள் எழுதிவைத்தல் வேண்டும். எழுதுவது பெண்மக்கள் கடனே என்று ஆண்மக்கள் ஒதுங்கற்க. உண்பதில் இருவர்க்கும் பங்குண்டாயின் எழுதுவதிலும் பங்குண்டு. அவர் சமைக்கும்போது உடனிருந்து, கைப்பிடியைத் தட்டில் இடச்செய்து தராசில் நிறுத்து எழுதுக. எந்தப் பாத்திரம், எவ்வளவு தீ, எந்த நிறத்தில் இறக்குவது என்பவற்றைக் குறிக்க. நம் வீட்டில் அதற்கு வழங்கும் பெயரையே எழுதுக. புத்தகப் பெயரைத் தேட வேண்டா. யாரிடம் கற்றார், அவர் எந்த ஊர்ப் பெண், எந்த நாளில் இதனைச் செய்வர் என்பதையும் சேர்க்க. ஒரு குழம்பின் கீழ் ஒரு பெண்ணின் பிறந்தகமும் புக்ககமும் எழுதப்படுமாயின், குலச் சரித்திரத்தில் இதுகாறும் விடுபட்டுப்போன பாதி அங்குத் தோன்றும். நம் வமிசாவளிகளில் ஆண்மக்கள் பெயரே வரிசையாய் நிற்கின்றன. அவர்களை ஊட்டி வளர்த்தவர் பெயர் பாட்டன் பெயருக்கு அப்பால் எவருக்கும் தெரியவில்லை.

இங்ஙனம் எழுதியவற்றுள் சிறந்தவற்றை மாதம் ஒன்றாக இப்பத்திரிகையில் வெளியிட ஆசிரியர் இடந்தருவாராயின், சில ஆண்டுகளில் நம்மவர் சமையல் நூல் ஒன்று தானே உருவாகும். பிழையிருப்பின் அடுத்த இதழில் வேறொரு வீட்டார் திருத்துவர். அதுவும் நன்மையே.

கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதலாகாது என்றது நம் ஊர்க் கல்வெட்டு. வீட்டுக்குள்ளிருந்த பெண்டிரிடம் ஒருவரும் கணக்குக் கேட்டதில்லை. அதனாலேயே அவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. 22 வயதில் எல்லாம் முடிந்தது என்று உலகம் கருதிய ஒரு பெண், 46 வயதில் தம் அடுக்களைக் கணக்கைத் தாமே எழுதி ஊரறியக் காட்டினார். அவர் பெயர் இன்றும் வழங்குகின்றது. நம் வீடுகளில் உள்ள மீனாட்சி அம்மாள்களின் கணக்கை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோமாக.